மடிப்பு மாறிய சிறகு

என் சிறகை யாரோ பிரித்து மடித்திருக்கிறார்கள் என்பது, ஆகஸ்டு மாதத்து முற்பகல் ஒன்றில், பையின் வாய்ப்பட்டையைத் தளர்த்திய கணத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

பாராகிளைடர் என்று உலகம் வழங்கும் பொருளை நான் சிறகு என்றே சொல்லி வருகிறேன். துணியும் கயிறும் சில நைலான் குச்சிகளும் சேர்ந்த ஒன்று, காற்று புகுந்தவுடன் இறக்கையாகிவிடுவதை நேரில் கண்ட எவருக்கும் வேறு சொல் தோன்றாது. தில்லி கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் இருந்த காலத்தில், ஐம்பத்தொன்றாம் வயதில், விடுமுறைதோறும் இமாசல மலைக்குச் சென்று பறக்கப் பழகினேன். ஓய்வு பெற்று, அவ்வூரிலேயே துவாரகாவில் அடுக்ககத்திற்குக் குடிவந்த பிறகு வாங்கியது இந்த மூன்றாவது சிறகு. முன்னைய இரண்டும் பறப்பவனின் பிழையைப் பொறுத்துக்கொள்ளும் இயல்பின. இது உயர்திறன் வாய்ந்தது; நெடுந்தொலைவு செல்லும், பிழை பொறுக்காது. இதன் கயிறுகளுக்கு மேலுறை கிடையாது. பல கயிறுகள் தடித்த தையல் நூலின் அளவே இருக்கும். அவற்றில்தான் என் உடல் மலைமுகட்டுக்கு மேலே தொங்குகிறது.

தில்லியில் நான் ஒருநாளும் பறந்ததில்லை. எங்கள் வீட்டு மாடத்தில் நின்றால் சில நிமிடத்துக்கு ஒன்றாக விமானங்கள் தலைக்கு மேலே இறங்கும்; இவ்வூர் வானம் நமக்குரியதன்று. இங்கே சிறகுக்கு உறக்கம் மட்டுமே. ஆனால் அவ்வுறக்கத்தைக் காப்பது எளிதன்று. வெயில் படக்கூடாது, ஈரம் சேரக்கூடாது, புழுதி அண்டக்கூடாது. இம்மூன்றையும் தில்லி முறைவைத்துத் தருகிறது. ஆகவே என் படிப்பறையில், கட்டிலுக்கும் புத்தக அடுக்குக்கும் நடுவே, வெயில் எட்டாத மூலையில் அதை வைத்திருந்தேன்.

மடிக்கும் முறையில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கூடத்துச் சோபாவைச் சுவரோரம் தள்ளி, தரையைத் துடைத்து உலரவிடுவேன். சிறகின் முன்விளிம்பில் வரிசையாக அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையின் வாயையும் விறைப்பாகப் பிடித்திருப்பவை அக்குச்சிகள். அவை வளையாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கும்படி அறைகளை அடுக்கி, நீளமான உறைக்குள் இட்டு, குச்சிகள் முடியும் இடத்துக்கு அப்பால் முதல் மடிப்பு வைப்பேன். இடப்பக்க நுனி எப்போதும் மேலே இருக்கும். செருப்புக் காலுடன் யாரும் அருகில் வரக்கூடாது. என்னையன்றி யாரும் தொடவும் கூடாது.

அன்று வலப்பக்க நுனி மேலே இருந்தது. கட்டுப்பட்டையின் கொக்கி எதிர்ப்புறம் மாட்டப்பட்டிருந்தது. மடிப்பும் என் மடிப்பன்று. இரண்டாக, சரிநடுவில் விழுந்திருந்தது. அக்டோபர் முதல் வாரத்தில் மலைக்குச் செல்லப் பேருந்தில் இடம் பதிவு செய்திருந்தேன். யார் கை பட்டதென்று தெரியாத சிறகை முதுகில் கட்டிக்கொண்டு மலைவிளிம்பிலிருந்து ஓட என்னால் இயலாது.

அப்போது செய்திருக்க வேண்டியது, சிறகு முழுவதையும் விரித்துச் சோதிப்பது. நானோ, தடயம் கலைந்துவிடும் என்று கருதி, இருந்தபடியே மூடிவைத்தேன். ஜூன் மாதம் திரும்பி வந்தவுடன் கயிறு கயிறாகப் பார்த்து, குறிப்பேட்டில் 'பழுதில்லை' என்று என் கைப்பட எழுதியிருந்தது எனக்குப் போதுமானதாக இருந்தது. ஜூனில் இறங்கும்போது சிறகின் ஒரு பக்கம் காற்றிழந்து சுருங்க, தேயிலைச் செடிகளின்மேல் விழுந்தேன். பெரிய அடி இல்லை. முழங்கால் தோல் உரிந்து கால்சட்டை கிழிந்தது. பேருந்துப் படியில் வழுக்கிவிட்டது என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.

முதலில் மகளை ஐயுற்றேன். விமான நிலையத்தில் பணிபுரிகிறாள், எங்களுடனேயே இருக்கிறாள். ஜூலையில் ஒருநாள் பையின் உட்புறத்துச் சீட்டை அவள் கைபேசியில் படமெடுப்பதைக் கண்டிருந்தேன். தயாரிப்பு விவரங்கள் அச்சிட்ட சீட்டு அது. எனக்குத் தெரியாமல் சிறகை விற்க ஏற்பாடு செய்கிறாள் என்றே முடிவு கட்டினேன்.

"என் பையை நீ எடுத்தாயா அம்மா?" என்றேன், சிற்றுண்டியின்போது.

"அதைத் தூக்கறதுக்கு நான் முதல்ல ஜிம்முல சேரணும்பா."

"வினவியதற்கு விடை சொல்."

"நியூஸ் வாசிக்கற மாதிரி பேசாதீங்கப்பா, பயமா இருக்கு. அச்சா, எனக்கு ஷிப்ட்டுக்கு டைம் ஆச்சு."

மனைவி தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அவளையும் கேட்டேன்.

"உங்க பையை நான் ஏன் தொடப்போறேன்? தொட்டா கை வெந்துராதா?"

இருவருமே இல்லை என்று சொல்லவில்லை. நாற்பதாண்டு காலம் பிறர் எழுதிய வாக்கியங்களைத் திருத்தியவன் நான். கேள்விக்கு மறுமொழியாகக் கேள்வி வந்தால் எதுவோ மறைகிறது என்பதை அறிவேன். ஆயினும் மனைவியின்மேல் ஐயம் நிலைக்கவில்லை. அவளுக்கு நான் பறப்பதே பிடிக்காது. பையிருக்கும் திசையைக்கூடப் பார்க்கமாட்டாள் என்று எண்ணியிருந்தேன்.

நாட்காட்டித் தாளில் நெல்மணியளவு கிள்ளி, பையின் ஜிப் முனையில் செருகிவைத்தேன். பை திறக்கப்பட்டால் துணுக்கு விழுந்துவிடும். இரண்டு நாள் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள், பூங்காவில் நடந்துவிட்டுத் திரும்பியபோது, அது தரையில் கிடந்தது. மகள் பணிக்குச் சென்றிருந்தாள். மனைவி, தான் கீழ்த்தளத்து வீட்டுக்குச் சேலை கொடுக்கப் போய்வந்ததாகச் சொன்னாள். குடியிருப்புப் பெண்களின் சேலைகளுக்கு ஃபால் தைத்துக் கொடுப்பது அவள் வழக்கம். எஞ்சியவர், வீட்டு வேலை செய்யும் பெண்மணி. கள்ளக்குறிச்சிப் பக்கத்தவர், எங்கள் வீட்டில் ஆறாண்டுகளாக இருப்பவர்.

"என் அறையில் இருக்கும் அந்தப் பெரிய பையை நீங்கள் திறந்தீர்களா?" என்றேன்.

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "அந்தக் கூடாரத்தயா சார்? அத எடுத்தும் போயி எங்க ஜுக்கிக் குடிசை மேல கட்டிக்கப் போறனா? மழைக்கு நாங்க தார்ப்பா போட்டாச்சு. அதுவே போதும்."

"எடுத்ததாகச் சொல்லவில்லை. திறந்தீர்களா என்றுதான்..."

"ரெண்டும் ஒண்ணுதான் சார். ஆறு வருசமா உங்க பீரோ சாவி டேபிள் மேலயே கெடக்குது, அதப்பத்தி ஒருநாளு கேட்டிருக்கீங்களா? துணிமூட்டைக்குக் கேக்குறீங்க." பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டே, "தேடுறதா இருந்தா வெளிய தேடாதீங்க" என்றார்.

அதன் பொருளை அன்று நான் ஆராயவில்லை. மகளைத்தான் சொல்கிறார் என்று கொண்டேன். இவரும் அவளுக்கு உடந்தை என்று ஒரு படி மேலும் சென்றேன். அந்த வாரம் முழுவதும் வீட்டில் மூவர் பேச்சும் என் காதில் தாழ்ந்த குரலாகவே விழுந்தது. நான் அறைக்குள் நுழைந்தால் பேச்சு மாறியது. மெய்யாகவே மாறியதா, அல்லது எனக்கு அப்படித் தோன்றியதா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு. மாதம் ஒருமுறை லோதி ரோட்டில் நண்பர் சிலர் கூடிப் பழம்பாடல் வாசிப்போம். மாலை ஆறு மணிக்குமுன் நான் வீடு திரும்புவதில்லை. அன்று கூட்டம் நடக்கவில்லை. மெட்ரோ ஏறி மூன்று மணிக்கே வந்து, என் சாவியால் கதவைத் திறந்தேன்.

சோபா சுவரோரம் தள்ளப்பட்டிருந்தது. கூடத்தின் தரை முழுவதும் என் சிறகு நீலமும் வெள்ளையுமாகக் கிடந்தது. அதன் நடுவே மனைவி சம்மணமிட்டு அமர்ந்திருந்தாள். கண்களை மூடியபடி, ஒரு கயிற்றைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே விட்டு, மெல்ல இழுத்துக்கொண்டிருந்தாள். மகள் மடிக்கணினியில் எதையோ படித்துத் தட்டுத்தடுமாறித் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"போச்சு, பிடிச்சுட்டார்" என்றாள் மகள். "அப்பா, நீங்க ஆறு மணிக்குத்தானே வருவீங்க!"

நான் ஓரடி எடுத்து வைத்தேன்.

"செருப்பு!" என்றாள் மனைவி, கண்ணைத் திறவாமலே. "துணியில மிதிச்சுராதீங்க."

கழற்றிவிட்டு வந்தேன். "எத்தனை நாளாக நடக்கிறது இது?"

"நீங்க பஸ் படியில வழுக்கி விழுந்த நாள்லேருந்து" என்றாள். "பஸ் படியில தேயிலை முளைச்சிருக்கும்னு எனக்குத் தெரியாதே. கிழிஞ்ச பேன்ட்டைத் துவைச்சது நான்தானே? மடிப்புக்குள்ள எல்லாம் இலை. உங்க வாயிலேருந்து வராதுன்னு தெரியும். அதான் துணியைக் கேட்கலாம்னு எடுத்தேன்."

மகள் பையின் சீட்டைப் படமெடுத்தது, இந்தச் சிறகுக்குரிய கையேட்டை இணையத்தில் தேடி எடுப்பதற்காக. ஒரே மடிப்பில் நெடுநாள் வைக்கக்கூடாது என்று அதில் எழுதியிருந்ததாம். அதைக் கேட்டதும் மனைவிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பட்டுச்சேலை அப்படித்தானே? மாதம் ஒருமுறை பிரித்து மடிப்பை மாற்றாவிட்டால் மடிப்போரத்தில் இழை விட்டுவிடும். அவள் தன் பட்டுகளுக்குச் செய்வதையே என் சிறகுக்கும் செய்திருக்கிறாள். நடுவில் சரிபாதியாக, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, கையால் நன்றாக நீவி மடித்திருக்கிறாள்.

நான் குனிந்து முன்விளிம்பைப் பார்த்தேன். நடுப்பகுதியில் மூன்று குச்சிகள் முழங்கைபோல வளைந்திருந்தன.

"குச்சியை வளைத்துவிட்டாயே! இது சேலையா?"

"குச்சி இருக்குன்னு இவ சொல்லவே இல்லையே!"

"அடுத்த பேஜ்ல இருந்திருக்கும்மா" என்றாள் மகள். "அதுக்குள்ள ஆபிஸ்லேருந்து கால் வந்துருச்சு. அப்புறம் நானும் மறந்துட்டேன்."

என் கோபத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அதை நான் பயன்படுத்திக்கொண்டேன். இவ்வாண்டுப் பருவமே பாழாயிற்று, பிறர் பொருளைத் தொடக்கூடாது என்னும் சிறிய ஒழுங்குகூட இவ்வீட்டில் இல்லை என்றெல்லாம் பேசினேன். மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, இடப்பக்கக் கயிறுகளில் ஒன்றை எடுத்து நீட்டினாள். அதில் ஓரிடத்தில் மஞ்சள் தையல்நூல் முடிச்சிட்டிருந்தது.

"இதைப் பாருங்க."

"என்ன இருக்கிறது?"

"ஜூலையிலேயே கட்டி வெச்சேன். பிரிச்சா உங்க கண்ணுல படும், கேட்பீங்க, அப்போ சொல்லலாம்னு. நீங்க கேட்கவே இல்லை."

கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். கயிறு கயிறாகவே இருந்தது. "இதில் ஒன்றுமில்லை" என்றேன்.

"விரலால பாருங்க."

விரலை ஓட்டினேன். முடிச்சுக்கு ஓரங்குலம் மேலே ஏதோ சொரசொரப்பு இருப்பதுபோலப் பட்டது, உறுதியில்லை. படிப்பறைக்குப் போய், பழைய அகராதிகளின் பொடியெழுத்தைப் படிக்க வைத்திருக்கும் உருப்பெருக்கியை எடுத்துவந்தேன். அதன் வழியே பார்த்தபோது தெரிந்தது. இழைகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அறுந்து, வெண்மையாகச் சிலிர்த்து நின்றது. தேயிலைக் கிளை உராய்ந்த இடமாக இருக்க வேண்டும்.

குறிப்பேட்டை எடுத்துவரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானே எடுத்துப் பார்த்தேன். ஜூன் மாதத்து வரி என் கையெழுத்தில், ஒற்றுப்பிழைகூட இல்லாமல், இருந்தது: 'இடப்பக்கக் கயிறுகள் அனைத்தும் பார்த்தாயிற்று. பழுதில்லை.' மூன்று வாரமாக வீட்டிலிருந்த மூவர் கைகளையும் ஐயுற்றேன். இந்த ஒரு கையை ஐயுறத் தோன்றவில்லை. காகிதத் துணுக்கைக் காவல் வைத்தவன், பையைத் திறந்து கயிற்றைப் பார்த்திருந்தால், அந்த மஞ்சள் முடிச்சு ஆகஸ்டிலேயே கண்ணில் பட்டிருக்கும். பார்க்காமலே அக்டோபரில் மலைவிளிம்பிலிருந்து ஓடியிருப்பேன்.

"தேயிலையில் விழுந்தேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள் மனைவி. "எவ்வளவு உயரத்திலேருந்து?"

அதற்கு நான் சொன்ன விடையையும் அவள் முழுவதும் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. இரண்டு ஆள் உயரம் என்றேன். மூன்று இருக்கும்.

பேருந்துப் பதிவை அன்று மாலையே நீக்கினேன். சிறகை மலையடிவாரத்தில் பழுதுபார்ப்பவரிடம் அனுப்பினேன். பத்து நாள் கழித்து அவர் தொலைபேசியில் அழைத்தார். குச்சிகளை மாற்றியாயிற்று, அதில் கவலை இல்லை என்றார். தேய்ந்த கயிறு ஒன்றல்ல, இரண்டு. அடுத்த வரிசையிலும் ஒன்று உராய்ந்திருக்கிறது, இரண்டையும் மாற்றுகிறேன் என்றார். உறங்கிக்கொண்டிருந்த என் தன்மானம் சற்றே எழுந்தது. மனைவியிடம் சென்று, "உன் விரலும் ஒன்றைத் தவறவிட்டிருக்கிறது" என்றேன்.

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். கையிலிருந்த சேலையைக் கீழே வைத்துவிட்டு, நெடுநேரம் தன் விரல்நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

சிறகு திரும்பி வந்த நாளில் வேலைக்கார அம்மையார் வாசலிலேயே நின்றார். "கூடாரம் வந்துருச்சா? உள்ள வரலாமா, இல்ல கையச் சோதிச்சிட்டு வுடுவீங்களா?"

"உங்களை ஐயுற்றது என் தவறு. பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

"யம்மா, சார் மேடையில பேசுற மாதிரியே மன்னிப்புக் கேக்குறாரு" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். பொறுத்தாரா என்பதை அவர் சொல்லவில்லை. சாவி இன்னும் மேசையின்மேல்தான் கிடக்கிறது. இப்போது அவர் மேசையைத் துடைக்கும்போது அதைத் தொடாமல் சுற்றிவிட்டுத் துடைக்கிறார்.

நவம்பரில் பறந்தேன். புறப்படுவதற்கு முந்தைய நாள், கூடத்தில் சிறகை விரித்தோம். முதலில் மனைவி விரலால் பார்த்தாள். பிறகு நான் உருப்பெருக்கியால் பார்த்தேன். ஒவ்வொரு கயிற்றுக்கும் அவள் "சரி" என்றால் நான் "மறுபடி" என்பேன். நான் "சரி" என்றால் அவள் கயிற்றை என் கையிலிருந்து வாங்கிக்கொள்வாள். மாலையாகிவிட்டது. குறிப்பேட்டில் எழுத எடுத்தேன். 'பழுதில்லை' என்று எழுதக் கை வரவில்லை. 'இருவர் பார்த்த அளவில் தென்படவில்லை' என்று எழுதினேன். மனைவி அதை வாங்கிப் படித்துவிட்டு, பையைத் தானே கட்டினாள். இடப்பக்க நுனி மேலே இருந்தது.