யாரைக் கொண்டு பிறந்தவள்

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் திருநின்றவூரில் குடியிருந்தோம். என் கணவர் காலை ரயிலைப் பிடித்துப் பட்டணத்துக்குக் குமாஸ்தா வேலைக்குப் போய்வருவார். வீட்டில் நான், என் ஒரே மகள், மாமனார். மாமியார் நான் மருமகளாக வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். இவ்வளவு சின்னக் குடும்பத்தில் எனக்கு ஏன் அப்படியொரு அலுப்பு என்று யோசித்தால் ஒரே விஷயம்தான் நினைவுக்கு வருகிறது. என் மகளுக்குப் படிப்பு ஏறவில்லை.

பேச்சில் படுசுட்டி. ஒரு தடவை கேட்ட கதையை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்வாள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும், "எழுத்து நிக்க மாட்டேங்குதும்மா" என்று அழுகை. நாலாம் வகுப்பிலேயே மறுபடியும் உட்கார வைத்துவிட்டார்கள்.

எங்கள் சொந்தபந்தத்தில் ஒரு சட்டம் உண்டு. பிள்ளை சாமர்த்தியமாக ஏதாவது செய்தால் அது அப்பன் வழி. மூக்கு ஒழுகினால்கூட அம்மா வழி. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் போதும், "இது யாரக் கொண்டு பொறந்திருக்கு?" என்று ஆரம்பித்து, ரசம் வருவதற்குள் என் பிறந்த வீடு மொத்தத்தையும் மக்கு என்று முடித்துவிடுவார்கள். என் மூளை எப்படிப்பட்டது என்று எனக்கே தெரியாது. எட்டாவது படிக்கும்போது பெரியவளானேன், பள்ளிக்கூடம் அதோடு சரி. இதை எடுத்துச் சொல்லி வாதாட எனக்கு வாயிருந்தது, தெம்பில்லை.

மாமனார் கட்டட மேஸ்திரியாக இருந்தவர். தரையில் குச்சியால் நாலு கோடு கிழித்து முழு வீட்டையும் கண்முன் காட்டிவிடுவார். புதுவாயல் வரைக்கும் அவர் எழுப்பிய சுவர்கள் நின்றன. மகன் குமாஸ்தா ஆனதற்கும் அந்த மேஸ்திரி மூளைதான் காரணம் என்பார்கள். வேலையை விட்ட பிறகு தினமும் காலையில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்காருவார். "கண்ணு மங்கலா கீது, நீ படிம்மா" என்பார். நான் ஒரு கண்ணை அடுப்பில் வைத்துக்கொண்டே படிப்பேன். மகளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் முடிவாகச் சொல்லிவிட்டார். "உன் ஊட்டு மூளை, இன்னா பண்ணாலும் ஏறாது. பள்ளிக்கூடத்த நிறுத்திடலாம். ஊட்டு வேல கத்துக்கினு இருக்கட்டும்."

மகள் அழவில்லை. ஓடிப்போய்ப் பேப்பரை எடுத்து வந்து, "எனக்குப் படிக்க வருதுப்பா, பாரு" என்று விரலை ஓட்டிக்கொண்டே மடமடவென்று வாசித்தாள். ஒரு பிழை இல்லை. அவர் திகைத்துப்போய் எட்டிப் பார்த்தார். விரல் சோப்பு விளம்பரத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் நான் படித்த செய்தியை அப்படியே ஒப்பித்திருக்கிறாள்.

"இந்தத் திருட்டுத்தனத்த எங்க கத்துக்கின?" என்று கையை ஓங்கினார்.

"அவள அடிக்காதடா" என்றார் மாமனார். "இத்தினி வருசமா நானும் இத்தத்தான் பண்ணிக்கினு கீறேன். எனக்கும் எழுத்து நிக்காது. கையெழுத்து ஒண்ணுதான் போட வரும். அவ என்னைக் கொண்டு பொறந்திருக்கா."

ஓங்கிய கை அப்படியே நின்றது. "அப்ப எனக்குப் படிப்பு எப்டி வந்துச்சு நைனா?"

"உங்கம்மா. ஸ்டேஷன் போர்டு, கடை போர்டுன்னு பாத்துப் பாத்து, தானா கத்துக்கினா. என் வேலைக் காயிதம் மொத்தமும் அவதான் எனக்குப் படிச்சுச் சொல்லுவா."

"அம்மாவா? ரேஷன் கடையில கைநாட்டு வச்சதாச்சே. பள்ளிக்கூடத்துல என் மார்க்குக்குக்கூட கைநாட்டுதான..."

"நாந்தான் வைக்கச் சொன்னேன்" என்றார் மாமனார். "அவளுக்குப் படிக்கத் தெரியும்னு வெளிய தெரிஞ்சா, எனக்குத் தெரியாதுன்னு கண்டுபுடிச்சிடுவாங்கன்னு பயம். சாகுற வரைக்கும் கைநாட்டே வச்சா."

என் கணவர் மகள் கையிலிருந்த பேப்பரை வாங்கி மடித்து வைத்தார். "நாளைக்கு அவளப் பள்ளிக்கூடம் அனுப்பு" என்று மட்டும் சொன்னார். என் பிறந்த வீட்டைச் சொன்னதற்கு ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. கேட்கும் தெம்பும் எனக்கில்லை. சமையலறைக்குப் போய், நான் பார்த்தேயிராத மாமியாருக்காக வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.