சேதுமாதவனின் மாரடைப்புக் கடிதம்

சேதுமாதவன் ஒரு சந்தேகப் பிராணி. பால் டின்னைக்கூடக் குலுக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். ஊரிலிருந்து மனைவி சுசீலாவின் கடிதம் வந்தால், யாராவது பிரித்து ஒட்டியிருக்கிறார்களா என்று உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அபுதாபியில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டைப்பிஸ்ட் உத்தியோகம். தொழிலாளி யாராவது இறந்தால் கம்பெனிக் கடிதத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இறப்புச் சான்றிதழ் வாங்கி வருவதும் அவர் தலையில்தான்.

அவர் வேலைக்குச் சேர்ந்த வருஷம் வந்த மூன்று சான்றிதழ்களிலும் மாரடைப்பு என்றிருந்தது. மனிதர் உடனே கம்பெனிக் கடிதத்துக்கு ஸ்டென்சில் வெட்டி ஐம்பது பிரதி எடுத்து வைத்துவிட்டார். பெயருக்கும் தேதிக்கும் மட்டும்தான் இடம். காரணம் முன்கூட்டியே அச்சாகியிருந்தது. அந்தச் சாமர்த்தியத்தில் அவருக்குப் பெருமை வேறு.

1977 ஜூலையில் முசஃபா தொழிலாளர் கேம்ப்பில் ராமையா இறந்துபோனான். வயது இருபத்து நான்கு. சேதுமாதவன் பிரதியில் பெயரை நிரப்பிக்கொண்டிருந்தபோது, ராமையாவின் ரூம்காரன் கார்மேகம் வந்து நின்றான்.

"சார், அவன் தண்ணி டேங்குக்கு உள்பக்கம் பெயிண்ட் அடிக்க இறங்குனான். நெடி தாங்கல. பேச்சு மூச்சில்லாமத்தான் தூக்குனோம். ரூம்ல தூக்கத்துல போயிட்டான்னு போர்மேன் சொல்லச் சொல்றாரு. நாளைக்கு அதே டேங்குல நான் இறங்கணும் சார்."

சேதுமாதவனுக்கு வழக்கம்போல் சந்தேகம் வந்தது, கார்மேகத்தின் மேல். இவனுக்கும் போர்மேனுக்கும் என்ன பகையோ!

"டாக்டர் பார்த்துச் சொல்லுவார், போப்பா" என்று அனுப்பிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கலீலுர் ரஹ்மான், கீழக்கரைக்காரர், கடிதத்தை வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டு சான்றிதழை எழுத ஆரம்பித்தார். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"டாக்டர், உடம்பைப் பார்க்கலையா?"

"அதான் கம்பெனி எழுதிக் குடுத்திருக்கே. எப்பவும் இதப் பாத்துத்தானே எழுதுறேன்?"

"ஐயோ, நான் உங்க சான்றிதழைப் பார்த்துல்ல டைப் அடிச்சேன்!"

ஊரையே சந்தேகப்பட்டவர் தம்முடைய காகிதத்தை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. வெட்கமாக இருந்தது. வேலை போய்விடுமே என்று பயமாகவும் இருந்தது. ஆனாலும் கடிதத்தை வெடுக்கென்று இழுத்து, மாரடைப்பு என்பதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, 'டேங்குக்குள் மயங்கிக் கிடந்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"நாளைக்கு இன்னொருத்தன் அதுல இறங்கணும் டாக்டர். இப்பவே பாருங்க."

டாக்டர் பேனாவை மூடினார். பிணவறைச் சாவியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர், அங்கேயே நின்றுவிட்டார்.

"இதுக்கு முன்னாடி பதினாலு பேருக்கு இப்படியே எழுதிட்டேனே" என்றார்.