வெளியிலிருந்து காட்டிய கரகம்

ஜெலாப்பாங் ஊர்த் துளசி அந்த வருஷம் கோயிலுக்குள் காலை வைக்கக்கூடாது, கையை மட்டும் வைக்கலாம் என்று தீர்ப்பாகியிருந்தது. தீர்ப்புச் சொன்னவர் கோயில் தலைவர் ஐயாவு. துளசியின் தம்பி தனேஸ்வரன் மோட்டார் விபத்தில் போய்ச் சேர்ந்து, பதினாறாம் நாள் காரியம்கூட இன்னும் முடியவில்லை. கல்யாணமாகாத அக்கா, தம்பியோடு ஒரே வீட்டில் இருந்தவள்; தீட்டு முழுசாக உண்டு. ஆனால் திருவிழாவை நேரலையில் காட்டும் கம்ப்யூட்டர் அவள் பேச்சைத்தான் கேட்கும். மற்றவர்களுக்கு அதன் தலையும் தெரியாது, வாலும் தெரியாது.

"கம்ப்யூட்டர் உள்ளாற இருக்கட்டும். நீ ரோட்டோரமா காடில உக்காந்து அத ஓட்டிக்க. லைனுக்கெல்லாம் தீட்டு இல்லம்மா" என்றார் ஐயாவு. சாஸ்திரத்தில் இதெல்லாம் இருக்கிறதா என்று கேட்கக்கூடாது. ஆள் வேண்டுமென்றால் சாஸ்திரம் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கும்.

மலேசியாவில், சித்தியவான் பக்கத்தில் கோயிலைச் சுற்றி எஸ்டேட் இருந்த இடத்தில் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. ரப்பரை வெட்டி, தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடித்து, சனத்தை ஆளுக்கொரு திசைக்கு அனுப்பியாயிற்று. மிச்சம் மாரியம்மன் கோயில் மட்டும்தான். வருஷத்துக்கு ஒரு தடவை வர முடிந்தவர்கள் வருவார்கள், முடியாதவர்கள் சிங்கப்பூரிலும் மெல்பர்னிலும் போனைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவார்கள். அவர்களுக்காகத்தான் இந்த நேரலை.

கம்ப்யூட்டர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, பிஸ்கட் டின் அளவில் ஒரு பெட்டி. சாமான் அறை அலமாரிமேல் இருக்கும். முதல் வருஷம் அதற்கு மானிட்டரும் வைத்தார்கள். வந்த கூட்டத்தில் பாதி அம்மனை விட்டுவிட்டு, தன் முகம் தெரிகிறதா என்று அதில் எட்டிப் பார்த்தது. மறு வருஷமே மானிட்டரைத் தூக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து துளசி மடிக்கணினியை வைத்துக்கொண்டு எங்காவது ஓரமாக உட்கார்ந்து, அந்தப் பெட்டிக்குள் இருப்பதைத் தன் திரையில் பார்த்து இயக்குவாள். எந்தக் கேமரா, எந்த மைக், எப்போது எது என்பதெல்லாம் அவள் விரலில். உள்ளே ஏதாவது பிடுங்கிக்கொண்டால் மாட்டிவிடத் தனேஸ் இருப்பான். பிறகு குளித்துவிட்டு வந்து கரகமும் அவன்தான் எடுப்பான்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. நேரலையில், கரகம் புறப்படும்போது, தம்பி பெயரை ஒரு வரி போட வேண்டும்.

"காப்பு கட்டியாச்சும்மா. சாமி பேர்ல சாவு சேதி போடக் கூடாதுலா. காப்பு அவுத்த பெறகு போட்டுக்க, யாரு கேக்கப் போறா?" என்றார் ஐயாவு.

சரி மாமா என்றுதான் சொன்னாள். சொல்லிவிட்டு, ரோட்டோரம் நிறுத்திய காருக்குள் உட்கார்ந்து அந்த வரியைத் தட்டி, மறைத்து வைத்தாள். 'எங்கள் தனேஸ்வரன் நினைவாக.' ஒரு தட்டுத் தட்டினால் திரைக்கு வந்துவிடும். யாராலும் தடுக்க முடியாது. தடுக்கத் தெரிந்த ஆளே உள்ளே இல்லை.

உடுக்கைச் சத்தம் கேட்க ஆரம்பித்த நேரத்தில் அவள் திரை கறுத்தது. ஐயாவுக்குப் போன் அடித்தாள்.

"மாமா, அலமாரி மேல பெட்டி பாருங்க. அதுல சின்ன பிளக் ஒண்ணு சொருகி இருக்கா?"

"எந்த வயரும்மா?"

"வயரு இல்ல மாமா. வயரே இல்லாத பிளக்."

"அதுவா? எதுலயும் சேராம சும்மா நீட்டிக்கிட்டு இருந்துச்சு. இப்பதான் ரூம கூட்டும்போது எடுத்து வச்சேன்லா."

மானிட்டர் இல்லாத கம்ப்யூட்டரை, மானிட்டர் இருக்கிறது என்று நம்ப வைக்கும் பிளக் அது. அதைப் பிடுங்கினால் பெட்டி ஓடும், துளசியின் திரையில்தான் ஒன்றும் தெரியாது. தலைவர் கூட்டியும் வைத்திருக்கிறார், கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. எந்த ஓட்டையில் சொருகுவது என்று அவருக்குப் புரிய வைப்பதற்குள் அவளுக்கு வேர்த்துவிட்டது. தனேஸாக இருந்தால் அவள் கூப்பிடுமுன்பே சொருகியிருப்பான்.

படம் திரும்பியபோது ஆற்றங்கரையிலிருந்து கரகம் கிளம்பிவிட்டது. தனேஸுக்குப் பதிலாக ரூபன் எடுத்திருந்தான். நல்ல பையன்தான், ஆனால் கழுத்து ஆடிக்கொண்டே இருந்தது. முதல் தடவை. போனில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நேரலைக்குக் கீழே எழுத ஆரம்பித்தார்கள்.

மெல்பர்னிலிருந்து செல்லாயி அத்தை. லயத்தில் பக்கத்து வீடு. துளசியின் அம்மா ரப்பர் பால் வெட்டப் போன நாளெல்லாம் தனேஸுக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள். மகளோடு போய் வருஷக்கணக்காகிறது; தனேஸ் போன சேதி அவள்வரை எட்டவில்லை. 'கரகம் ரூபனா? எங்க நம்ம தனேஸு? உடம்பு கிடம்பு சரியில்லையா?'

கோயில் பெயரில் பதில் சொல்ல வேண்டியவள் துளசிதான். விரல் அந்த மறைத்து வைத்த வரியின்மேல் போய் நின்றது. ஒரே தட்டு, எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவன் திருவிழாவில் அவன் பெயர் இருக்கும். வேறென்ன கேட்டாள் அவள்?

ஆனால் அத்தை அதை இப்படியா படிக்க வேண்டும்? உடுக்கைச் சத்தத்துக்கும் வேப்பிலைக்கும் நடுவில், வேடிக்கை பார்க்கிறவர்கள் இதயமும் கும்பிடும் போட்டுக்கொண்டிருக்கிற இடத்தில்? அம்மனுக்கும் பயந்தாள், ஐயாவுக்கும் பயந்தாள். எல்லாவற்றையும்விட, அத்தை அந்த வரியை எழுத்துக் கூட்டிப் படிப்பதை நினைக்கப் பயம். துளசி வரியை அழித்தாள். 'தனேஸ் வெளியூர் போயிருக்கான்' என்று எழுதினாள்.

'சிங்கப்பூரா? வேல கெடச்சிருச்சா? ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருந்தான்லா. நல்லா இருக்கட்டும்.'

அதற்குக் கீழே ஆளாளுக்கு வாழ்த்து. ஆறேழு பேர், சேதி எட்டாதவர்கள். செத்துப்போனவனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. துளசி வாயைப் பொத்திக்கொண்டு அதைப் பார்த்தாள். நிறுத்துங்கள் என்று எழுதவும் வழியில்லை. தான் தொடங்கியதுதானே.

'அடுத்த வருசம் நான் வாரேன். அவன் கரகம் எடுக்கறத நேர்ல பாக்கணும். சொல்லிரு.'

'சொல்றோம் அத்தை.'

விட்டாள் என்று நினைத்தபோது மறுபடியும் எழுதினாள் அத்தை. 'இப்பதான் அவனுக்கு அடிச்சேன். எடுக்கல. வேலையா இருப்பான் போல.'

துளசி கோயில் பெயரில் பதில் எழுதினாள். 'வேலையாதான் இருப்பான்.'

அனுப்பிய பிறகுதான், தம்பியைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட வராத அழுகை வந்தது. காடிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சத்தம் போட்டு அழுதாள். காப்பு அவிழ்த்ததும் அத்தையிடம் அவள்தான் சொல்ல வேண்டும், வேறு யார் சொல்வது? அதற்குள் ரூபன் கோயில் தோரண வாசலுக்கு வந்துவிட்டான், திரையில் இன்னும் காலி ஆற்றங்கரையே ஓடிக்கொண்டிருந்தது. அழுதுகொண்டே கேமராவை மாற்றினாள்.