மகனின் முப்பது கிலோ

மகனுக்கு இரண்டு வயது முடிந்த செய்தியை எங்கள் சொந்தக்காரர்கள் அவனுடைய விமான டிக்கெட்டிலிருந்துதான் தெரிந்துகொண்டார்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை தாயின் மடியில் போகும். அதற்குப் பத்துக் கிலோ சாமான். இரண்டு தாண்டிவிட்டால் தனி இருக்கை, பெரியவர்களைப் போலவே முப்பது கிலோ. டிசம்பர் விடுமுறைக்குத் தோஹாவில் வேலை செய்யும் கணவரிடம் நானும் மகனும் போகிறோம் என்று தெரிந்ததும், தெருவில் கண்டவர்கள் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுக் கேட்டது ஒரே கேள்விதான்.

"அப்ப இந்த முறை அறுபது கிலோவா டீச்சர்?"

ஓம் என்று சிரித்துவிட்டு நடந்தேன். அந்த அறுபது கிலோவுக்காக ஒரு வருடமாகக் காத்திருந்தேன். அதில் ஒரு கிராமைக்கூடக் கணவரின் மூத்த சகோதரிக்கு, அதாவது என் மதினிக்கு, ஏமாந்து கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

போன வருடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். அப்போது மகன் மடிப்பிள்ளை. இருவருக்கும் சேர்த்து நாற்பது கிலோ. புறப்படுவதற்கு முதல் நாள் மதினி ஒரு பொதியோடு வந்தார். அவருடைய மூத்த மகனும் தோஹாவில்தான் வேலை. பழைய சாரன் துணியால் சுற்றி, சாக்கு ஊசியால் நெருக்கமாகத் தைத்திருந்தார்.

"ரெண்டு கிலோ வரும் மகள். அதுக்கு மேல வராது. ரெண்டு உடுப்பும் கொஞ்சம் தொதலும்தான். அமானிதம், பத்திரம்."

ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள் அமானிதம். பிரிக்கக் கூடாது, குறைக்கக் கூடாது, உரியவர் கையில் அப்படியே சேர்க்க வேண்டும். தூக்கியபோது பொதி கனமாகத்தான் இருந்தது. ஆனால் கொடுத்தவருக்கு முன்னால் நிறுத்துப் பார்ப்பது அவரைப் பொய்யர் என்று சொல்வதற்குச் சமம். அவர் போன பிறகு நிறுப்பது அதைவிடக் கேவலம் என்று எனக்குப் பட்டது. எங்கள் ஊரில் யாரும் நிறுப்பதில்லை. நானும் இரண்டு கிலோ என்றே கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டிகளை வைத்ததும் ஆறு கிலோவுக்கு மேல் கூட என்றார்கள். நான்தான் எங்கோ பிழை விட்டேன் என்று நம்பினேன். இடுப்பில் பிள்ளை, பின்னால் நீண்ட வரிசை. தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். பொதியில் கை பட்டது, எடுத்தேன், திரும்ப வைத்தேன். அமானிதம். என்னுடைய அரிசிமா, என்னுடைய உடுப்புகள், கடைசியில் மகனின் பால்மா டின்கள் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். வயிற்றோட்டத்துக்குப் பிறகு டொக்டர் எழுதித் தந்த பால்மா அது. கைப்பையில் இருந்த, ஏற்கனவே உடைத்துப் பாவித்த டின் மட்டும் மிஞ்சியது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற என் வாப்பாவிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்தபோது என் ஃபர்தாவின் முன்பக்கம் முழுவதும் அரிசிமா.

தோஹாவில் மதினியின் மகன் பொதியை எங்கள் முன்னாலேயே பிரித்தான். மேலே தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல். கீழே மேசையில் முறுக்கிப் பூட்டுகிற இரும்புத் தேங்காய் துருவி, சின்னக் கல்லுரல், அதன் குழவி. அவனுக்கே வெட்கமாகிவிட்டது. "இதெல்லாம் இங்க கடையில இரிக்கே உம்மா" என்று அங்கிருந்தே போனில் சொன்னான்.

கையிலிருந்த டின் முடிந்ததும் மகன் பட்ட பாட்டை விரிவாக எழுத எனக்கு விருப்பமில்லை. அந்த வகைப் பால்மா அங்கே கிடைக்கவில்லை. வாங்கிக் கொடுத்ததையெல்லாம் கக்கினான். விடுமுறையில் நான் பார்த்தது ஒரு கடற்கரையும் மூன்று டொக்டர்மாரும். கணவரிடம் பொதியின் கதையைச் சொன்னேன்.

"ராத்தா தெரியாமச் செஞ்சிருப்பா" என்று தன் மூத்த சகோதரிக்காகப் பேசினார். "அவட வீட்டில தராசா இரிக்கி?"

அதோடு முடிந்திருந்தால் நானும் விட்டிருப்பேன். திரும்பி வந்த மாதம் ஒரு கல்யாண வீட்டில் மதினியும் நானும் ஒரே சஹன் தட்டைச் சுற்றிச் சாப்பிட உட்கார்ந்தோம். பக்கத்தில் இருந்த ஒருவர் பிள்ளை மெலிந்துவிட்டானே என்றார். மதினி இறைச்சியைப் பிய்த்து என் பக்கம் அன்பாக வைத்துக்கொண்டே சொன்னார்.

"படிச்ச புள்ளையள்ட வேலை அப்பிடித்தான். உடுப்புக்குப் பொருத்தமான செருப்பெல்லாம் கொண்டு போயிரிக்கா. புள்ளைட பால்மாவ மறந்துட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். என் கை சோற்றில் இருந்தது. அத்தனை பேர் நடுவில் மூத்தவரை எதிர்த்துக் கதைக்கலாமா, கதைத்தால் கணவர் என்ன நினைப்பார், பொதியைப் பற்றிச் சொன்னால் அமானிதத்தைச் சொல்லிக் காட்டியது ஆகுமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் கை கழுவத் தண்ணீர் வந்துவிட்டது.

அந்த வருடம் முழுவதும் அது என்னைத் தொடர்ந்தது. பால்மாவையா மறந்தீர்கள் என்று பாடசாலையில் சக ஆசிரியை ஒருவர் கேட்டார். மருந்துக் கடையில் பால்மா வாங்கும்போது, "இந்த முறை மறந்துராதீங்க டீச்சர்" என்று கடைக்காரர் சிரித்தார். பிள்ளைக்குப் பால் எடுக்க மறந்த தாய் என்ற பெயரைச் சுமந்துகொண்டு நான் மற்றவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன்.

இந்த டிசம்பருக்கு முதல் வேலையாகக் கல்முனைக்குப் போய், கொழுவித் தூக்கி நிறுக்கும் எலக்ட்ரிக் தராசு ஒன்று வாங்கினேன். அது சரியாகக் காட்டுமா என்று சந்தேகம். ஐந்து கிலோ அரிசிப் பையைக் கொழுவிப் பார்த்தேன், சரி. பற்றரி இறங்கினால் பிழையாகக் காட்டுமோ என்று புதுப் பற்றரி போட்டேன். மறுபடி அரிசிப் பை. உம்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த அரிசி பாவம் புள்ள, இறக்கி விடு" என்றார்.

பிறகு அதை முன் ஹோல் ஜன்னல் கம்பியில், கதவைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில் தொங்கவிட்டேன்.

நல்ல பலன் கிடைத்தது. பக்கத்து வீட்டு ராத்தா தோஹாவில் இருக்கும் தன் தம்பிக்குக் கருவாடு கொண்டு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னகா, சந்தையா நடத்துறீங்க?" என்று கேட்டார். தானாகவே கொழுவிப் பார்த்தார். ஒன்றரைக் கிலோ. "அவனுக்கு இவ்வளவு என்னத்துக்கு, பொண்டாட்டி அடிப்பா" என்று பாதியை எடுத்து வைத்துவிட்டு, யார் யார் என்னென்ன கொண்டு வருகிறார்கள் என்று பார்ப்பதற்காக அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்தது எனக்கு விருப்பம். எனக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது.

அன்று பின்னேரம் மதினி ஆட்டோவில் வந்தார். அவரோடு இருக்கும் மாமியும், அதாவது கணவரின் உம்மாவும், என்னை வழியனுப்ப வந்திருந்தார். ஆட்டோக்காரர் இறக்கி வைத்த பொதி அதே சாரன், அதே சாக்கு ஊசித் தையல்.

"ரெண்டு கிலோதான் மகள்" என்றார் மதினி. "இந்த முறை புள்ளைக்கும் முப்பது இரிக்கே. ஒனக்குக் கஷ்டம் வராது."

"ஓம் மதினி. ஒங்களுக்கு எண்டு ரெண்டு கிலோ ஒதுக்கித்தான் வெச்சிரிக்கன். ஒருக்காக் கொழுவுங்க."

மதினி அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தார். "அமானிதத்த ஆரும் நிறுக்கிறயா?"

"நான் நிறுக்கல்ல மதினி. நீங்களே நிறுங்க."

பக்கத்து வீட்டு ராத்தா எழுந்து உதவிக்கு வந்துவிட்டார். இரண்டு பேரும் பிடித்துக் கொழுவினார்கள். தராசு எட்டரைக்கு மேல் போய் நின்றது.

"இந்தத் தராசு பிழை" என்றார் மதினி.

நான் உள்ளே போய் அரிசிப் பையைக் கொண்டு வந்தேன். பையில் ஐந்து கிலோ என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. கொழுவினேன். ஐந்து. மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்ட வந்து இரண்டையும் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"நீ ஏன் ரெண்டு எண்டு சொன்ன?"

மாமி கேட்டது அது ஒன்றுதான். அந்தக் கேள்வியை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

"பரவால்ல மதினி" என்று ஒரு பிளேடை நீட்டினேன். "எந்த ரெண்டு கிலோ முக்கியமோ அத எடுத்துத் தாங்க."

அவர் தரையில் உட்கார்ந்து தையலை வெட்டினார். இரும்பு அப்பச்சட்டி. இரண்டு பெரிய போத்தல் அச்சாறு. கருவாடு. மா. ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். கட்டுநாயக்காவில் என் பின்னால் நின்ற வரிசைக்கு நான் எப்படித் தெரிந்திருப்பேன் என்று அப்போதுதான் கண்டேன். எனக்கு அது இனித்தது. இதை எழுதும்போதும் இனிக்கிறது. முதலில் தேத்தண்ணி கொடுத்திருக்க வேண்டுமோ என்று மட்டும் ஒரு உறுத்தல் வந்தது. உம்மா அதைக் கவனித்துக்கொண்டார்.

"மகன் அங்க கடைச் சாப்பாடு திண்டு வயிறு கெட்டுப் போயிரிக்கான்" என்றார் மதினி, அப்பச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு.

"வயிறு கெட்டா எப்பிடி எண்டு எனக்குத் தெரியும் மதினி."

ஒரு வருடமாக மனதில் சொல்லிச் சொல்லிப் பார்த்த வசனத்தை அதற்குப் பின்னால் நான் சொல்லியிருக்க வேண்டும். பால்மாவை நான் மறக்கவில்லை, உங்கள் பொதிக்காக இறக்கினேன் என்ற வசனம். மாமி இருந்தார், உம்மா இருந்தார், சாட்சியும் இருந்தார். வாயைத் திறந்தேன். தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற உம்மா, வேண்டாம் என்று கண்ணால் காட்டினார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

மதினி எல்லாவற்றையும் சாரனுக்குள் வாரிக் கட்டினார். "ஒண்டும் வேணாம். என்ட மகன் எப்பிடியும் சமாளிப்பான்" என்று எழுந்தார். தேத்தண்ணி குடிக்கவில்லை. வேலிப் படலையைத் திறந்துகொண்டு, தெருவில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

"பால்மாவையாவது மறக்காமக் கொண்டு போ மகள்."

அந்த இரண்டு கிலோவுக்கு என்னுடைய கருவாட்டை வை என்றார் பக்கத்து வீட்டு ராத்தா. முறுக்கு வை என்றார் உம்மா. நான் ஒன்றும் வைக்கவில்லை. அதை வெறுமையாகவே கொண்டு போக வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம்.

கட்டுநாயக்காவில் பெட்டிகளை ஒவ்வொன்றாக வைத்தேன். மூன்று தரம் வீட்டில் நிறுத்திருந்தும் இலக்கத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பால்மா டின்கள் எல்லாம் உள்ளே. கூட்டினால் ஐம்பத்தெட்டு. இன்னும் இரண்டு கிலோ போடலாமே என்று அங்கிருந்த பெண் சிங்களத்தில் சொன்னாள். தேவையில்லை என்றேன். ஒவ்வொரு பெட்டியும் தராசில் ஏறியபோதே அவளிடம் கேட்டு, இலக்கத்தைப் போனில் படம் எடுத்திருந்தேன். முதல் பெட்டியில் முப்பது, இரண்டாவதில் இருபத்தெட்டு. விமானத்தில் ஏறுவதற்கு முன் இரண்டு படத்தையும் கணவர் வீட்டாரின் குடும்ப குரூப்பில் போட்டேன். கீழே ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுதத் துணிவு வரவில்லை.

தோஹாவில் இறங்கியபோது கணவருக்குக் கதை முழுவதும் போய்ச் சேர்ந்திருந்தது. அவருடைய ராத்தா அழுதுகொண்டு போன் எடுத்திருந்தாராம். வீட்டுக்கு வந்து மகன் சாப்பிட்டு விளையாடத் தொடங்கியதும், சமாதானம் பேசலாம் என்று அவரே மதினிக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் வைத்தார்.

"ராத்தா, இவங்க சுகமா வந்து சேந்துட்டாங்க."

"அல்ஹம்துலில்லாஹ். புள்ளைட பால்மாவ இந்த முறையாவது கொண்டு வந்தாளா எண்டு கேளு தம்பி."

கணவர் என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார். நான் போனை அவர் கையிலிருந்து எடுத்தேன்.

"போன முறையும் கொண்டு வந்தன் மதினி. ஒங்கட துருவிக்கும் கல்லுரலுக்கும் இடம் விட எயாப்போட்ல இறக்கினன். நான் மறந்த எண்டு சொன்ன ஆக்கள்ட்ட அதத் திருத்திச் சொல்லிருங்க."

"என்ன மகள்? கேக்குதில்ல. லைன் சரியில்ல போல."

பின்னால் அவர் வீட்டுச் சேவல் கூவியதுகூட எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. போன் வைக்கப்பட்டது.

"விடு புள்ள" என்றார் கணவர். "ராத்தாட குணம் தெரியும்தானே."

தெரியும். நான் என் போனை எடுத்து, குரூப்பில் அந்தப் படங்களுக்குக் கீழே எழுதினேன். "சென்ற வருடம் மகனின் பால்மாவை நான் மறக்கவில்லை. இரண்டு கிலோ என்று தந்த மதினியின் பொதி எட்டுக் கிலோவுக்கு மேல் இருந்தபடியால், அதற்கு இடம் விடப் பால்மாவை விமான நிலையத்தில் இறக்கினேன்." எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். 'எட்டுக் கிலோ' சரியா, நான் அப்போது நிறுக்கவில்லையே என்று தயங்கினேன். கூடியிருந்தது ஆறு கிலோ, அவர் சொன்னது இரண்டு. கூட்டிப் பார்த்தால் சரியாகத்தான் வந்தது. மாமிக்கு வாசிக்கக் கஷ்டம் என்பதால் அதையே குரலிலும் பதிந்தேன். இரண்டையும் அனுப்பினேன்.

கணவரின் போன் சத்தமிட்டது. அவர் வாசித்தார். குரலையும் கேட்டார்.

"இத அழிச்சிரு."

"இல்ல" என்றேன். அவரிடம் நான் அந்தச் சொல்லை அதிகம் பாவித்ததில்லை.

"இனி ஊருக்குப் போய் மத்த ஆக்கள்ட முகத்தில எப்பிடி முழிக்கிற?"

"அத ஒங்கட ராத்தாட்டக் கேளுங்க."