சாய்த்து அறுத்த கிட்டார்

1. கிட்டாரின் பெட்டி அதிக ஆழம். அணைத்து வாசித்தால் தோள் வலித்தது.
2. பண்டிகைக்குள் சரியாகாவிட்டால் சர்ச்சில் எனக்குப் பதில் வேறொருவர் வாசிப்பார் என்றார்கள்.
3. சித்தூரில் ஒரு தச்சரிடம் கொண்டுபோனேன்.

குட்டையானவர். பேசுவதற்கு முன் பலகையை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். நான் மாநில எல்லையை அளக்கும் சர்வே ஆபீசில் வரைபடம் வரைபவள். பெட்டியின் ஆழத்தைச் சுற்றிலும் அரை அங்குலம் குறைக்கக் கோடு போட்டுக் கொடுத்தேன்.

"ஆந்திராவுக்கும் மெட்ராசுக்கும் கோடு போடற ஆபீசா? அதான் சுத்தியும் வெட்டச் சொல்ற" என்று சிரித்தார். "கை படறது மேம்பக்கம்தானே? கீழ்ப்பக்கம் இன்னா தப்பு பண்ணிச்சி? அங்கயும் அறுத்தா சத்தம் பூடும்மா."

மேல்பக்கத்தின் ஆழத்தை மட்டும் குறைத்து, பின்பலகையைச் சாய்வாக ஒட்டினார். கிட்டாரே வாசிக்காதவருக்கு இது எப்படித் தோன்றியது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

தோள் வலி போய்விட்டது, சத்தம் குறையவில்லை. சர்ச்சில் நான்தான் வாசிக்கிறேன்.