மோட்டார் மாமா கேட்ட ஒரு தாள்

எங்கள் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவர்களுக்கு மோட்டார், எங்களுக்கு மோட்டார் மாமா. நகராட்சியின் வெள்ளநீர் பம்ப் அறையில் இருபத்திரண்டு வருடம் வேலை. அந்தப் பழைய டீசல் பம்ப் அவர் கைக்குத்தான் படியும். அடி வால்வில் கசிவு, அதனால் குழாய் எப்போதும் காற்றடைத்துக் கிடக்கும். நாலு வாளி தண்ணீர் ஊற்றி, குழாயைத் தட்டி, சத்தம் மாறிய பிறகே ஓட்ட வேண்டும். "வெள்ளத்தைக் குடிக்க வந்தவன், முதல்ல வாயை நனைன்னு அடம்பிடிக்கிறான்" என்பார்.

போன வருடம் ஒரு மணி நேர மழையில் தெரு மூழ்கியது. அன்று காலைதான் பம்ப் அறை டீசலை, நகராட்சித் தலைவரின் விழா ஜெனரேட்டருக்குத் தூக்கிப் போயிருந்தார் பொறியாளர். காலி டாங்க் முன்னால் இடுப்பளவு தண்ணீரில் நின்றார் மாமா. ஆனால் பொறியாளர் அறிக்கையில் எழுதியது: 'பம்ப் ஆள் பணியில் இல்லை, வீட்டில் உறங்கினார்.'

வேலை போயிற்று. அதைவிட வலித்தது, பால் வாங்கப் போனால்கூடப் பால்காரர் கேட்பது: "என்ன மோட்டார், தூக்கம் தெளிஞ்சுதா?"

"விட்டுத் தொலைங்க. மழை செஞ்சதுக்கு யாரை நோகறது?" என்பாள் அத்தை.

"மழையா கையெழுத்துப் போட்டுச்சு?"

இந்த வருடமும் பட்டப்பகலில் கொட்டியது. புது ஆள் ஓட்டிப் பார்த்தான். பம்ப் உறுமியதே தவிர ஒரு சொட்டு இறைக்கவில்லை. பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு பொறியாளரே மாமா வீட்டு வாசலுக்கு வந்தார்.

"மோட்டார், கொஞ்சம் வந்து பாருப்பா."

"தூங்கிட்டிருக்கேன் சார்" என்றார் மாமா, படியில் நின்றபடி. "போன வருஷம் டீசல் எங்க போச்சு, நான் தூங்கினேனா இல்லையான்னு எழுதிக் கொடுங்க. வர்றேன்."

"ஆபீஸ்ல வெச்சு முறைப்படி..."

"ஆபீஸும் முங்கிடுச்சாமே."

எதிர்வீட்டுத் தையல்கார அக்கா அலறினாள். "மாமா, பழியை நாளைக்குத் தீத்துக்கோங்க! என் மெஷின் முங்குது!"

"போன வருஷமும் முங்குச்சும்மா. யாரால முங்குச்சுன்னு கேட்டுட்டுப் போ."

யாரோ குடை பிடித்தார்கள். பொறியாளர் தாளைத் தன் கைப்பை மேல் வைத்து எழுதினார். மாமா வாங்கவில்லை.

"வாசிங்க."

வாசித்தார்.

"பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கலை சார். தூங்கலைங்கற வரியை மட்டும் இன்னொரு தடவை."

தண்ணீர் இன்னொரு படி ஏறியது. பொறியாளர் கத்தி வாசித்தார். தெருவே நின்று கேட்டது, பால்காரர் உட்பட. அதன் பிறகுதான் மாமா தாளை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இறங்கினார்.

பம்ப் இறைத்தது. வேலையும் திரும்பக் கிடைத்தது. அக்காவின் மெஷின் மட்டும் பிழைக்கவில்லை. அவள் இன்றுவரை மாமாவோடு பேசுவதில்லை.

"பேச வேண்டாமே" என்கிறார் மாமா. "கேட்டாளில்ல, அது போதும்."