ஒரே கோப்புக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

பன்னிரண்டு ஆண்டுகள் ஒருவரின் உழைப்பைச் சும்மா வாங்கிக்கொண்டு, அவர் ஒரே ஒரு வரி எழுத மறந்ததும் "பொறுப்பில்லாதவன்" என்று திட்ட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

அவர் குடிநீர் அலுவலகத்தில் எழுத்தர். அவருடைய அக்காவுக்குப் பார்வை இல்லை. அதனால்தான், திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் மென்பொருளை ஓர் இலவச இயங்குதளத்துக்கு, யாரும் அப்படியே நிறுவிக்கொள்ளும் பேக்கேஜாகக் கட்டித் தரும் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டார். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'பொட்டலம்'.

பேக்கேஜ் ஊதிப் பெருத்தது. நிரல் ஒன்று, குரல் ஒன்று என இரண்டாகப் பிரித்தார். குரல் கோப்புகள் பயனர்களின் கணினியில் ஏற்கெனவே உள்ள பழைய பேக்கேஜிலும் இருக்கும், புதிய குரல் பேக்கேஜிலும் இருக்கும். ஒன்றின் கோப்பை இன்னொன்று அழித்து எழுத இயங்குதளம் விடாது, நிறுவல் பாதியிலேயே நின்றுவிடும். 'இவை முன்பு அதனுடையவை, இனி என்னுடையவை' என்று புதியதில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அதைத்தான் மறந்தார். சோதித்துப் பார்க்காமல் இல்லை. துடைத்து வைத்த கணினியில் போட்டுப் பார்த்தார். சண்டை போட அங்கே பழையது இல்லையே, வழுக்கிக்கொண்டு போயிற்று. "யாராவது சோதித்துச் சொல்லுங்கள்" என்று மூன்று வாரம் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

திங்கள் காலை பத்து மணிக்கு அக்காவுக்கு, ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் நிரந்தர வேலைக்கான இணையத் தேர்வு. வயது வரம்பின்படி இதுவே கடைசி வாய்ப்பு. ஒன்பதே முக்காலுக்கு அலுவலகத் தொலைபேசி அடித்தது.

"டேய், இது ஏன்டா பேசமாட்டேங்குது?"

"என்னக்கா பண்ணுன?"

"நீ சொன்ன அப்டேட்டதான் போட்டேன். பாதியில வாய மூடிக்கிச்சு."

என்ன நடந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மற்ற பாகங்கள் புதிதாகிவிட்டன, வாசிப்பான் மட்டும் பழையதாக நிற்கிறது; இரண்டும் ஒட்டாது. சரிசெய்யும் கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொன்னார். அக்கா அடித்தார். சரியா, தப்பா என்று சொல்ல வேண்டியதே ஊமையாகிவிட்டதே!

பேருந்து பிடித்து வீடு சேர்ந்தபோது பத்து நாற்பது. ஒரு நிமிடத்தில் அது பேசியது. தேர்வுப் பக்கம் மூடியிருந்தது. தொலைபேசியில் தேர்வு அதிகாரி சொன்னார்: "உங்க சிஸ்டம் கோளாறுக்கெல்லாம் நாங்க பொறுப்பில்லீங்க."

அவருடைய மின்னஞ்சல் பெட்டியில் வசவுகள் குவிந்திருந்தன. அவர் பேக்கேஜைத் தன் ஆயிரக்கணக்கான கணினிகளில் போட்டு விற்கும் நிறுவனம் ஒன்று, "இந்த அலட்சியத்தை ஏற்கவே முடியாது" என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வரியைச் சேர்த்து வெளியிட்டார். எல்லோருக்கும் மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டார்.

"விடுடா," என்றார் அக்கா. பிறகு, "ஊரையெல்லாம் கேட்டியே, என் மெஷின்ல ஒருதடவ போட்டுப் பாக்கணும்னு உனக்குத் தோணவே இல்லயா?" என்றார்.



அடுத்த பதிப்புக்கு அவர் மறுபடி சோதனைக்கு ஆள் கேட்டிருக்கிறார். உங்கள் கணினியில் இருக்கும் பழையதன் மேலேயே புதியதைப் போட்டுப் பாருங்கள். எங்கே நின்றது என்று அவருக்கு இரண்டு வரி எழுதுங்கள்.